கிருமி அடங்கியது, சர்க்கரை கூடியது: எச்.ஐ.வி. மருந்தை நிறுத்தலாமா?

“மருந்து சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் எனக்கு இனிப்பு நீர் வந்தது. கன்னம் ஒட்டிவிட்டது. வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. இந்த மருந்தை நிறுத்தினால் என்ன?”

எச்.ஐ.வி. கிருமியுடன் வாழ்பவர்களில் பலர் மருத்துவரிடம் கேட்கத் தயங்கி, தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. இதன் முதல் பாதியில் உண்மை இருக்கின்றது. எச்.ஐ.வி. மருந்துகளில் சில, உடலின் சர்க்கரையையும் கொழுப்பையும் பாதிக்கவே செய்கின்றன. ஆனால், ‘நிறுத்தினால் என்ன?’ என்ற கடைசி வரிக்கு மருத்துவ உலகம் 2006-ஆம் ஆண்டிலேயே தெளிவான பதிலைக் கண்டுவிட்டது. அந்தப் பதில் தெரியாமல், யாரிடமும் சொல்லாமல் மருந்தை விட்டுவிடுபவர்கள் பெரும் ஆபத்தில் சிக்குகின்றனர்.

ஐம்பது வயதைக் கடந்த ஒரு தொழிற்சாலை மேற்பார்வையாளரை நினைத்துப் பார்க்கலாம். பதினைந்து ஆண்டுகளாக எச்.ஐ.வி. மருந்து எடுத்து வருபவர். பொது மருத்துவமனையில் அவருக்கு ஓர் அட்டை. அது மனைவிக்கு மட்டும் தெரியும். வீட்டுக்கு அருகிலுள்ள கிளினிக்கில் சர்க்கரைக்கும் கொலஸ்ட்ராலுக்கும் இன்னோர் அட்டை. அங்கே எச்.ஐ.வி. பற்றி அவர் வாய் திறந்ததில்லை. இரண்டு இடத்து மருந்துகளும் இரண்டு பைகளில் தனித்தனியே இருக்கின்றன. ஒரு பையில் என்ன இருக்கின்றது என்பது இன்னொரு பையைக் கொடுத்த மருத்துவருக்குத் தெரியாது.

இது கற்பனை மனிதர்தான். ஆனால், இப்படி இரண்டு பைகளோடு வாழ்பவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கின்றனர். அவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய விவரங்கள் பல.

இறப்பு குறைந்தது, புதிய தொல்லை தொடங்கியது

எச்.ஐ.வி. கிருமி மனித உடலின் நோய் எதிர்ப்புப் படையான சி.டி.4 அணுக்களைத் தாக்குகின்றது. அந்த அணுக்களுக்குள் புகுந்து தன்னையே படியெடுத்துப் பெருகுகின்றது. இந்தப் பெருக்கத்தைத் தடுப்பதுதான் எச்.ஐ.வி. எதிர்ப்பு மருந்துகளின் வேலை. அவை கிருமியை உடலிலிருந்து முற்றாகத் துடைத்துவிடுவதில்லை. அடக்கி வைக்கின்றன. அதனால்தான் இந்தச் சிகிச்சையை இடைவிடாமல் தொடர வேண்டியிருக்கின்றது.

1987-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதல் மருந்தான சிடோவுடின் அனுமதி பெற்றது. அது தனியாகக் கொடுக்கப்பட்டபோது கிருமி விரைவில் பழகிக்கொண்டது. 1996-ஆம் ஆண்டு வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை வந்ததும் நிலைமை தலைகீழானது. அமெரிக்காவில் எய்ட்ஸ் மரணங்கள் 1997-ஆம் ஆண்டில் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. சாவுக்கு நாள் குறித்துக்கொண்டு படுத்திருந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள்.

அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் புதிய புகார்கள் வந்தன. சிலருக்குக் கன்னத்துச் சதை கரைந்து எலும்பு தெரிந்தது. கை கால்கள் மெலிந்து நரம்புகள் புடைத்தன. அதே உடலில் வயிறு பெருத்தது. பிடரியில் திமில் போலக் கொழுப்பு திரண்டது. சிலருக்கு மார்பகம் பருத்தது. இரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் ஏறின. 1997-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், ‘புரோட்டியேஸ் தடுப்பான்’ என்ற வகை மருந்துகளை எடுப்பவர்களுக்கு நீரிழிவு வரலாம் என எச்சரித்தது. 1998-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர மருத்துவர்களான ஆண்ட்ரூ கார், டேவிட் கூப்பர் ஆகியோரின் குழு இந்த மாற்றங்களை ஒன்றாகச் சேர்த்து விவரித்தது. கொழுப்பு இடம் மாறும் இந்நிலைக்கு ‘லிப்போடிஸ்ட்ரோபி’ என்று பெயர்.

நோயாளிக்கு இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. ஒட்டிய கன்னம் அக்கம் பக்கத்தாரின் கண்ணில் படுகின்றது. ‘என்ன இப்படி இளைத்துவிட்டீர்கள், உடம்புக்கு என்ன?’ என்று திருமண விருந்திலும் கோயில் வாசலிலும் கேட்கிறார்கள். உயிரைக் காப்பாற்றிய மருந்தே இரகசியத்தையும் வெளியே சொல்லிவிடுமோ என்ற பயம் பலரை மருந்தை வெறுக்க வைத்தது.

கொழுப்பு ஏன் இடம் மாறுகின்றது?

கொழுப்பு என்றாலே கெட்டது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. உண்மையில், தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பணுக்கள் உடலின் நெற்குதிர் போன்றவை. உண்ட உணவில் மிஞ்சியதை அவை பத்திரமாகச் சேமிக்கின்றன. குதிர் இடிந்தால் நெல் கண்ட இடத்தில் சிதறும். அதுபோலத் தோலடிக் கொழுப்பு அழிந்தால், சேமிக்க இடமில்லாத கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் இரத்தத்திலும் போய்த் தங்குகின்றது. கொழுப்பு படிந்த கல்லீரலும் தசையும் இன்சுலினின் சொல்லைக் கேட்பதில்லை. சர்க்கரை ஏறுகின்றது.

குதிர் இடிவதற்குப் பழைய மருந்துகளில் இரண்டு முக்கியக் காரணமாக இருந்தன. ஒன்று ஸ்டாவுடின், மற்றது சிடோவுடின். கிருமி தன்னைப் படியெடுக்கும்போது, அதற்குத் தேவையான உண்மையான செங்கல்லைப் போல வேடமிட்டு உள்ளே நுழைந்து, கட்டடத்தைப் பாதியில் நிறுத்துவது இவற்றின் தந்திரம். துரதிர்ஷ்டவசமாக மனித அணுவுக்குள் இருக்கும் ‘மைட்டோகாண்டிரியா’ என்ற சக்தி நிலையங்களும் தங்கள் மரபுப் பொருளைத் தனியே படியெடுத்துக்கொள்கின்றன. அங்கேயும் இந்தப் போலிச் செங்கல் நுழைந்துவிடுகின்றது. சக்தி நிலையம் குன்றினால் கொழுப்பணு மடிகின்றது.

மைட்டோகாண்டிரியா மிகவும் பழுதுபட்டால் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடும். இது உயிருக்கே ஆபத்தானது. காரணமில்லாத குமட்டல், வயிற்று வலி, மூச்சு வாங்குதல், கடும் சோர்வு ஆகியவை இதன் அறிகுறிகள்.

புரோட்டியேஸ் தடுப்பான்களின் கதை வேறு. அந்த வகையில் பழைய மருந்தான இண்டினாவிர், தசை அணுக்களுக்குள் சர்க்கரை நுழையும் கதவையே அடைத்துவிடும் தன்மை கொண்டது. ரித்தோனாவிர் இரத்தத்தில் டிரைகிளிசரைட் என்ற கொழுப்பை உயர்த்தக்கூடியது.

மலிவான மாத்திரை கொடுத்ததும் எடுத்ததும்

ஸ்டாவுடின் கெட்ட மருந்து என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. கூட்டுச் சிகிச்சை வந்த புதிதில் ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் அமெரிக்க டாலருக்கு மேல் செலவானது. ஏழை நாடுகளால் அதை நினைத்தும் பார்க்க முடியவில்லை. 2001-ஆம் ஆண்டில் இந்தியாவின் சிப்லா நிறுவனம் ஆண்டுக்கு 350 டாலர் விலையில் மூன்று மருந்துக் கூட்டைத் தர முன்வந்தது. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராப்பின் ஆகியவையே அந்தக் கூட்டு. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல இலட்சம் உயிர்கள் அதனால் பிழைத்தன. இந்திய அரசு 2004 ஏப்ரலில் இலவசச் சிகிச்சைத் திட்டத்தைத் தொடங்கியபோது, முதலில் சேர்க்கப்பட்ட மையங்களுள் சென்னை தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. அங்கும் தொடக்க காலத்தில் ஸ்டாவுடின் முக்கிய மருந்தாக இருந்தது.

மலேசியாவும் இதில் ஒரு துணிச்சலான முடிவை எடுத்தது. 2003-ஆம் ஆண்டில் அரசாங்கப் பயன்பாட்டு உரிமையைப் பயன்படுத்தி, காப்புரிமை பெற்றிருந்த சிடோவுடின் உள்ளிட்ட எச்.ஐ.வி. மருந்துகளின் மலிவான வகையை இந்தியாவிலிருந்து தருவித்தது. 2006 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் முதல்நிலை மருந்துகள் இலவசமாகவே வழங்கப்பட்டு வருகின்றன.

ஆண்டுகள் செல்லச் செல்ல, உயிர் பிழைத்தவர்களின் முகத்தில் மருந்தின் தடயம் தெரிந்தது. பக்கவிளைவுகள் குறைந்த தெனோஃபோவிரின் விலையும் இறங்கியது. 2009-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடுமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. இன்று அது வழக்கமான சிகிச்சையில் இல்லை. எனினும், அக்காலத்தில் அதைச் சாப்பிட்டவர்களின் கன்னக்குழி இன்னும் அவர்களோடு இருக்கின்றது. மருந்தை மாற்றிய பிறகு கை கால்களின் கொழுப்பு மெதுவாக ஓரளவு திரும்பும். முழுமையாகத் திரும்புவது அரிது. கன்னத்தை ஊசி மருந்தால் நிரப்பும் முறைக்கு 2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால், அதன் செலவு எல்லாராலும் தாங்கக்கூடியதல்ல.

மருந்து மட்டுமே குற்றவாளியா?

இல்லை. கிருமியே ஒரு குற்றவாளிதான். சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. உடலுக்குள் ஓயாத அழற்சியை மூட்டிக்கொண்டே இருக்கின்றது. அது இரத்தக் குழாய்ச் சுவர்களைப் புண்ணாக்குகின்றது. நல்ல கொலஸ்ட்ராலைக் குறைத்து, டிரைகிளிசரைட்டைக் கூட்டுகின்றது. மருந்து தொடாதவருக்கும் இந்த மாற்றங்கள் உண்டு.

வயது இன்னொரு காரணம். முன்பு முப்பது, நாற்பதில் முடிந்துபோன வாழ்க்கை இப்போது அறுபது, எழுபதைத் தொடுகின்றது. நீண்ட காலம் வாழ்பவருக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் வரும் வாய்ப்பு இயல்பாகவே கூடுகின்றது.

பரம்பரையும் உணவும் மூன்றாவது காரணம். மலேசியச் சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு; முக்கிய இனங்களிலேயே மிக அதிகம். ஏறக்குறைய மூவரில் ஒருவர்! எச்.ஐ.வி. இல்லாத இந்தியருக்கே இந்த நிலை என்றால், கிருமியும் மருந்தும் சேர்ந்துகொள்ளும்போது எத்தனை கவனம் தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைய மருந்துகள் எப்படி?

பழைய மருந்துகளோடு ஒப்பிட்டால் இன்றைய மருந்துகள் எவ்வளவோ மேல். தெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் ஒரே மாத்திரையாக, நாளொன்றுக்கு ஒரு வேளை மட்டும் எடுக்கும் சிகிச்சை பல நாடுகளில் முதல் தேர்வாகிவிட்டது. டோலுடெக்ராவிரை முதல்நிலை மருந்தாக உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் உறுதிப்படுத்தியது. நடுத்தர வருமான நாடு என்பதால் மலேசியாவுக்கு இதன் மலிவு வகை எளிதில் கிடைக்காமல் இருந்தது. 2020 நவம்பரில் கையெழுத்தான ஓர் உரிம உடன்பாடு, மலேசியா உட்பட நான்கு நாடுகளுக்கு அந்த வழியைத் திறந்தது.

கன்னம் ஒட்டுவது இந்த மருந்துகளால் வருவதில்லை. ஆனால், எடை கூடுகின்றது. தென்னாப்பிரிக்காவின் ஜொஹானஸ்பர்க் நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ‘அட்வான்ஸ்’ ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 96 வாரங்களில், எஃபவிரென்ஸ் கலந்த பழைய கூட்டை எடுத்தவர்கள் சராசரியாக 2.3 கிலோ கூடினர். டோலுடெக்ராவிரோடு வழக்கமான தெனோஃபோவிர் எடுத்தவர்கள் 4.3 கிலோவும், தெனோஃபோவிரின் புதிய வடிவத்தை எடுத்தவர்கள் 7.1 கிலோவும் கூடினர். பெண்களுக்கு எடை இன்னும் அதிகமாக ஏறியது.

இந்த எடையில் ஒரு பகுதி, நோயால் இழந்த உடல் தேறி வருவது. அது நல்லதே. அதற்கு மேல் ஏறுவதுதான் கவனிக்கப்பட வேண்டியது. வழக்கமான தெனோஃபோவிர் கொலஸ்ட்ராலைச் சற்றுக் குறைக்கும் தன்மை உடையது. ஆனால், சிறுநீரகத்தையும் எலும்பையும் கண்காணிக்க வேண்டும். புதிய வடிவம் சிறுநீரகத்துக்கு இதமானது; ஆனால், எடையும் கொழுப்பும் சற்றுக் கூடும். ஆகவே எல்லாருக்கும் பொருந்தும் ஒரே மாத்திரை என்று எதுவும் இல்லை. யாருக்கு எது ஏற்றது என்பதை அவரவர் உடலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

இனி அந்த முக்கியமான கேள்விக்கு வரலாம். ‘உடலுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் பக்கவிளைவு குறையுமே’ என்ற எண்ணம் நோயாளிகளுக்கு மட்டும் இருந்ததில்லை. மருத்துவர்களுக்கும் இருந்தது. அதைச் சோதிப்பதற்காகவே ‘ஸ்மார்ட்’ என்ற பெரிய ஆய்வு 33 நாடுகளில் நடந்தது. 5,472 பேர் கலந்துகொண்டனர். ஒரு பாதியினர் மருந்தை விடாமல் எடுத்தனர். மறுபாதியினர் சி.டி.4 அணுக்கள் நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தி, அவை 250-க்குக் கீழே இறங்கினால் மீண்டும் தொடங்கினர்.

முடிவு எல்லாரையும் திகைக்க வைத்தது. மருந்தை நிறுத்தியவர்களில் 120 பேர் மரணமோ எய்ட்ஸ் தொடர்பான கடும் தொற்றோ அடைந்தனர். விடாமல் எடுத்தவர்களில் அது 47 பேர் மட்டுமே. இதைவிட வியப்பானது இன்னொரு கணக்கு. மருந்தின் பக்கவிளைவு என்று அஞ்சப்பட்ட இருதய, சிறுநீரக, கல்லீரல் நோய்களாவது நிறுத்தியவர்களுக்குக் குறைந்ததா? அதுவும் இல்லை. விடாமல் எடுத்தவர்களில் 39 பேருக்கு அவை வந்தன. நிறுத்தியவர்களில் 65 பேருக்கு வந்தன. நோயாளிகளின் நலன் கருதி 2006 ஜனவரியில் புதியவர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. மருந்தை விட்டிருந்தவர்கள் மீண்டும் தொடங்குமாறு அறிவுறுத்தப்பட்டனர்.

இதன் பொருள் எளிது. அடக்கி வைத்த கிருமி விழித்தெழும்போது மூளும் அழற்சி, மருந்து செய்யும் கெடுதலைவிட இருதயத்துக்குப் பெரிய கெடுதலைச் செய்கின்றது. சர்க்கரைக்குப் பயந்து எச்.ஐ.வி. மருந்தை விடுபவர், அந்தச் சர்க்கரையால் வரக்கூடிய மாரடைப்பையே விரைவில் வரவழைத்துக்கொள்கிறார். அடிக்கடி விட்டு விட்டு எடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிப்போகும் ஆபத்தும் உண்டு.

மருந்தை நிறுத்துவது வேறு, மாற்றுவது வேறு. ஒரு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மருத்துவர் இன்னொன்றுக்கு மாற்றித் தர முடியும். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு அந்த வசதி மிகக் குறைவு. இன்று உண்டு.

இரண்டு பைகள், ஓர் உடல்

தொடக்கத்தில் சொன்ன மேற்பார்வையாளரிடம் இப்போது திரும்பலாம். அவருடைய எச்.ஐ.வி. மருந்தில் ரித்தோனாவிர் இருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். கிளினிக்கில் அவருக்குக் கொலஸ்ட்ராலுக்காக சிம்வாஸ்டாட்டின் கொடுக்கிறார்கள். பலரும் சாப்பிடும் சாதாரண மாத்திரைதான். ஆனால், ரித்தோனாவிர் கல்லீரலின் வேலையை மந்தமாக்குவதால், சிம்வாஸ்டாட்டின் வெளியேறாமல் இரத்தத்தில் பல மடங்கு தேங்கும். தசைகள் சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கலாம். சிம்வாஸ்டாட்டினையும் லோவாஸ்டாட்டினையும் ரித்தோனாவிரோடு சேர்க்கவே கூடாது என்பது விதி. பாதுகாப்பான மாற்று மருந்துகள் இருக்கின்றன. ஆனால், மருத்துவருக்குத் தெரிந்தால்தானே மாற்றித் தர முடியும்?

இன்னும் சில சேர்க்கைகளையும் அறிந்திருப்பது நல்லது.

டோலுடெக்ராவிர் எடுப்பவருக்கு, நீரிழிவு மருந்தான மெட்ஃபோர்மின் இரத்தத்தில் கூடுதலாகத் தேங்கும். அதனால் மெட்ஃபோர்மினை நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேற்படாமல் வைத்துக்கொள்வது பொதுவான வழக்கம். சிறுநீரகம் பலவீனமானவருக்கு இது இன்னும் முக்கியம்.

நெஞ்செரிச்சலுக்குக் கடையில் வாங்கும் மருந்துகளில் அலுமினியமும் மெக்னீசியமும் இருக்கும். அவை டோலுடெக்ராவிரை உடல் ஈர்க்கவிடாமல் தடுக்கும். டோலுடெக்ராவிரை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவோ ஆறு மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே இடைவெளி வேண்டும். உணவோடு எடுத்தால் மட்டும் மூன்றையும் சேர்த்தே விழுங்கலாம்.

ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் புளுட்டிகாசோன், ரித்தோனாவிரோடு சேர்ந்தால் உடலில் ஸ்டீராய்டு குவியும். முகம் வீங்கி, பிடரி பருத்து, சர்க்கரை ஏறும். பார்ப்பதற்கு லிப்போடிஸ்ட்ரோபி போலவே இருப்பதால் உண்மைக் காரணம் தெரியாமல் போகலாம்.

‘மூலிகை’ என்று பெயர் சூட்டி விற்கப்படும் சில வலி நிவாரணி மாத்திரைகளிலும் ‘மாஜுன்’களிலும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததை மலேசிய அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளனர். மூட்டு வலி மாயமாய்ப் பறக்கும்; சர்க்கரை சத்தமில்லாமல் ஏறும். பதிவு எண் இல்லாத மருந்தைத் தொடாமல் இருப்பதே நல்லது.

எச்.ஐ.வி. என்பதை வட்டாரக் கிளினிக்கில் சொல்ல மனம் வராதவர்கள் இருக்கலாம். அவர்களுக்கும் வழி உண்டு. எச்.ஐ.வி. சிகிச்சை தரும் மருத்துவமனையிலேயே சர்க்கரைக்கும் கொலஸ்ட்ராலுக்கும் மருந்து எழுதித் தரும்படி கேட்கலாம். அல்லது, வேறெங்கே எந்த மருந்து வாங்கினாலும் விழுங்குவதற்கு முன் அந்த மருத்துவமனை மருந்தாளரிடம் காட்டலாம். மருந்தாளரும் மருத்துவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள். இரண்டு பைகளும் ஒரு மேசையில் திறக்கப்பட வேண்டும்; அதுதான் முக்கியம்.

எவற்றைப் பரிசோதிக்க வேண்டும்?

மருந்து தொடங்கும் முன்பும், பின்னர் குறித்த காலத்திலும் செய்ய வேண்டியவை இவை: வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொலஸ்ட்ரால், டிரைகிளிசரைட், இரத்த அழுத்தம், சிறுநீரக, கல்லீரல் பரிசோதனைகள். இவற்றோடு எடையும் இடுப்புச் சுற்றளவும். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருப்பது நல்லது. ஒரு தையல் நாடா போதும், வீட்டிலேயே அளக்கலாம்.

சிடோவுடின், அபாகாவிர் போன்ற மருந்துகளை எடுப்பவர்களுக்கு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் பரிசோதனை உண்மை நிலையைவிடக் குறைத்துக் காட்டக்கூடும். அத்தகையவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்ப்பதே சரி.

2023-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ரிப்ரீவ்’ ஆய்வு இன்னொரு நம்பிக்கையைத் தந்துள்ளது. 40 முதல் 75 வயது வரையிலான 7,769 பேர் அதில் பங்கேற்றனர். இந்தியா, தாய்லாந்து உள்ளிட்ட 12 நாடுகளில் அது நடந்தது. மாரடைப்பு வரும் வாய்ப்பு குறைவு முதல் நடுத்தரம் வரை என்று கருதப்பட்ட அவர்களில் பாதிப் பேருக்கு, தினமும் பிட்டாவாஸ்டாட்டின் 4 மில்லிகிராம் தரப்பட்டது. அவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்புகள் ஏறத்தாழ 35 விழுக்காடு குறைந்தன. ஆகவே, நாற்பதைக் கடந்த எச்.ஐ.வி. நோயாளி, ‘எனக்குக் கொழுப்பு மாத்திரை தேவையா?’ என்று தம் மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

தட்டிலும் கையிலும் இருப்பவை

மருந்துகளின் பக்கவிளைவை மருத்துவர் பார்த்துக்கொள்வார். தட்டில் விழுவதை நோயாளிதான் பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் ரொட்டி சானாய், கெட்டிப்பால் கலந்த தே தாரேக். மதியம் மலை போல வெள்ளைச் சோறு. மாலையில் மீண்டும் இனிப்புத் தேநீர் என்று போனால் எந்த மருந்தாலும் சர்க்கரையை இறக்க முடியாது. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கீரையும் காய்கறியும் பருப்பும் மீனும் வைக்கலாம். தேநீரில் சீனியை விடுவது ஒரு வாரம் கசக்கும், பிறகு பழகிவிடும். தினமும் அரை மணி நேர வேக நடை, வயிற்றுக் கொழுப்பையும் இன்சுலின் எதிர்ப்பையும் குறைக்கின்றது.

எல்லாவற்றுக்கும் மேலாகச் சிகரெட். டென்மார்க்கில் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, சிகிச்சை பெறும் எச்.ஐ.வி. நோயாளிகள் கிருமியால் இழக்கும் ஆயுளைவிட, புகைப்பதால் இழக்கும் ஆயுள் இரண்டு மடங்குக்கும் அதிகம் என்று கண்டது. மாத்திரையைக் குறை சொல்லிக்கொண்டே சிகரெட்டைப் பற்ற வைப்பவர்கள் யோசிக்க வேண்டிய கணக்கு இது.

வீட்டாரின் பங்கு

2024-ஆம் ஆண்டு முடிவில் உலகில் 4 கோடியே 8 இலட்சம் பேர் எச்.ஐ.வி. கிருமியுடன் வாழ்ந்தனர். அவர்களில் 3 கோடியே 16 இலட்சம் பேர் மருந்து எடுத்து வந்தனர் என்கின்றது ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு. மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் வழி அது பிறருக்குத் தொற்றுவதில்லை என்பது ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் ஒரே வீட்டில் இருப்பதாலும் என்றுமே தொற்றியதில்லை.

எனவே, வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பது தெரிந்தால், அவருடைய தட்டைத் தனியாக வைப்பதில் பயனில்லை. அந்தத் தட்டில் என்ன வைப்பது என்று யோசிப்பதில்தான் பயன் இருக்கின்றது. ‘ஏன் இப்படி இளைத்தாய், ஏன் வயிறு வைத்தது?’ என்று கேட்பதைவிட, ‘அடுத்த மாதம் மருத்துவமனைக்கு நானும் வரட்டுமா?’ என்று கேட்பது பெரிய மருந்து. அந்தத் துணை கிடைத்தால், மேற்பார்வையாளரின் இரண்டு பைகளும் ஒரு மேசையில் திறக்கப்படும். சிம்வாஸ்டாட்டின் மாற்றப்படும். சர்க்கரை அளக்கப்படும். எச்.ஐ.வி. மருந்து மட்டும் ஒரு நாளும் நிற்காது.